புளியங்கொட்டையும் பேராசிரியர்களும்

அன்புள்ள சார்,

நான் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். 'வளங்குன்றா உயர்கல்வி' (வளங்களைத் தீர்த்துவிடாமல் பயன்படுத்தக் கற்பிக்கும் கல்வி) பற்றி எங்கள் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பிபிடி போட்டு அறுக்க மனமில்லை. விளையாட்டாக நடத்தலாமா என்று கேட்டேன். "ஃபேகல்டியைக் கூப்பிட்டு விளையாட்டுக் காட்டப் போறீங்களா?" என்றார் துறைத்தலைவர். நீங்கள் இப்படிச் சில அமர்வுகள் நடத்தியதாக எழுதியிருந்தீர்கள். ஐம்பது வயதுப் பேராசிரியர் ஒரு விளையாட்டால் மாறுவாரா? எந்த விளையாட்டை எடுப்பது?

வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

மாறுவாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் தோற்பார். எனக்கு அது போதும்.

நம் ஆசிரியர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. 1991ல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அதை இளங்கலை வகுப்புகளுக்கெல்லாம் ஆறு மாதப் பாடமாகக் கொண்டுவந்தது. 'வளங்குன்றா வளர்ச்சி, வரையறு' என்ற இரண்டு மார்க் கேள்விக்கு நம் பிள்ளைகள் தூக்கத்திலும் பதில் எழுதுவார்கள். அந்தத் தாள் யாருக்குப் போகும்? டைம்டேபிளில் யாருக்கு பீரியட் குறைகிறதோ அவருக்கு. நானும் அப்படித்தான் நடத்தினேன்.

இந்த வகை விளையாட்டுகளில் எனக்குப் பிடித்தது 'ஃபிஷ் பேங்க்ஸ்'. வளர்ச்சி முடிவில்லாமல் தொடர முடியாது என்று எச்சரித்து 1972ல் வந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' அறிக்கையை எழுதியவர்களில் ஒருவரான டென்னிஸ் மெடோஸ் உருவாக்கியது. ஒவ்வொரு அணியும் ஒரு மீன்பிடி கம்பெனி. வருடா வருடம் எத்தனை கப்பல் வாங்குவது, ஆழ்கடலுக்கு எத்தனை, கரையோரத்துக்கு எத்தனை என்று முடிவெடுக்க வேண்டும். கடலில் மிச்சம் எவ்வளவு மீன் என்பது யாருக்கும் தெரியாது. வலையில் விழுவதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். பெரும்பாலும் என்ன ஆகும் என்றால், துறைமுகம் நிறையக் கப்பல் நிற்கும், கடலில் மீன் இருக்காது. இது பொம்மைக் கடலில் மட்டும் நடப்பதில்லை. விஞ்ஞானிகளும், இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டு முறையும் இருந்தும், 1992ல் கனடா நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன்பிடிப்புக்குத் தடை போட வேண்டிவந்தது. சுமார் 30,000 பேருக்கு ஒரே அடியில் வேலை போனது.

ஃபிஷ் பேங்க்ஸ் ஆடக் கம்ப்யூட்டரும் அரை நாளும் வேண்டும். நான் செய்வது அதன் ஏழைத் தம்பி. ஒரு தட்டில் ஐம்பது புளியங்கொட்டை, சுற்றி ஐந்து பேர். சுற்றுக்கு ஒருவர் பத்து வரை எடுக்கலாம். எத்தனை வேண்டும் என்று சீட்டில் எழுதித் தர வேண்டும், வாய் திறக்கக் கூடாது. தட்டில் மிஞ்சுவதை நான் இரட்டிப்பாக்குவேன், ஐம்பதுக்கு மேல் போகாமல். மொத்தம் பத்துச் சுற்று. (பல்லாங்குழியை ஏன் சொல்லவில்லை என்று யாரும் அடுத்த கடிதம் எழுத வேண்டாம். அது வேறு ஆட்டம்.)

ஆளுக்கு ஐந்து எடுத்தால் தட்டு எப்போதும் நிறைந்தே இருக்கும். நான் நடத்திய ஒரு அமர்வில், கணக்குப் பேராசிரியர் இதை மனசுக்குள்ளேயே போட்டுவிட்டு ஐந்து எழுதினார். வணிகவியல்காரர் ஒன்பது. மற்றவர்கள் ஏழு, ஆறு, ஏழு. பதினாறு மிஞ்சியது, முப்பத்திரண்டாக்கினேன். அடுத்த சுற்றில் கணக்குப் பேராசிரியரே பத்து எழுதினார். தட்டு காலி. "நான் விட்டா அவர் எடுத்துடுவார் சார்" என்றார், பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல்.

இரண்டாவது ஆட்டத்தில் பேச விட்டேன். ஒன்பது சுற்று ஒழுங்காகப் போனது. பேச விட்டாலே ஒத்துழைப்பு கூடும் என்பது எலினோர் ஆஸ்ட்ரம் தன் சோதனைகளில் கண்டது. 2009ல் பொருளாதார நோபல் பெற்றவர். ஆனால் பத்தாவது சுற்றில், நாளை என்று ஒன்று இல்லாததால், ஐந்து சீட்டிலும் பத்து!

அமர்வின் உயிரே அதற்கப்புறம்தான். ஆட்டம் அரை மணி நேரம் என்றால் பேச்சு ஒரு மணி நேரமாவது வேண்டும். "இது நம்ம போர்வெல்தான்" என்று ஒருவர் ஆரம்பித்தார். விடுதிக்கும் லேபுக்கும் புல்தரைக்கும் ஒரே கிணறாம். அப்புறம் ஒரு மேடம், பத்தாவது சுற்றுதான் மார்ச் மாதம் என்றார். வருஷக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் துறைக்கு வந்த பணம் திரும்பிப் போய்விடும், அதனால் தேவையில்லாத பிரிண்டர் வாங்குகிறோம் என்று. சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. இரண்டு பிரிண்டர் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அந்த ஹாலிலேயே இருந்தன.

அங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். மதியச் சாப்பாடு வந்துவிட்டது என்று பேச்சைப் பாதியில் முடித்தேன். சாப்பிட்டு வந்தவர்களுக்கு அது வேடிக்கையான விளையாட்டாக மட்டும் நினைவிருந்தது. நீங்கள் சாப்பாட்டை இரண்டு மணிக்கு வையுங்கள்.

துறைத்தலைவரைக் குத்துவிளக்கு ஏற்ற மட்டும் கூப்பிடாமல் ஒரு தட்டுக்கு முன்னால் உட்கார வையுங்கள். சீட்டில் பேர் எழுதச் சொல்லாதீர்கள், யாரும் நிஜ எண்ணை எழுத மாட்டார்கள். கொட்டையைக் கழுவி, ஒருநாள் வெயிலில் காயவைத்து எடுத்துப் போங்கள். முதல் தடவை நான் அப்படியே கொண்டுபோய், இருபது பேராசிரியர்கள் கை பிசுபிசுக்க உட்கார்ந்திருந்தார்கள்.