முதல் என்றால் எது?

அம்மா, போன சனிக்கிழமை நீலகிரி கூடலூரில் நடந்த கல்லூரிச் சேர்க்கை வழிகாட்டி முகாமில் கூட்டம் நெருக்கியடித்ததால் உங்களுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். "வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மலையாளம், கடைத்தெருவில் கன்னடம்னு கலந்து பேசியே வளர்ந்துட்டா சார். ஐ.டி. கம்பெனியில் சென்னை, கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் எப்படிப் பிழைப்பா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் என்ன செய்தாள் என்று பார்த்தீர்களா? பேரனுக்காக வந்திருந்த பெரியவரிடம், முதல் பட்டதாரி சான்றிதழ், அதாவது குடும்பத்தில் இதற்குமுன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்ற சான்றிதழ், இருக்கிறதா என்று கேட்டேன். "எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை" என்று எழுந்தேவிட்டார். மலையாளத்தில் முதல் என்றால் சொத்து. சொத்துக் கணக்குக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் மனிதர். எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர் எந்தச் சொல்லில் தடுக்கினார் என்று பிடித்தது உங்கள் மகள்தான். மலையாளத்தில் விளக்கினாள். அப்புறம், என்ன புரிந்தது என்று அவரையே திருப்பிச் சொல்ல வைத்தாள். இல்லையென்றால் பேரனின் கட்டணச் சலுகை கைநழுவியிருக்கும்.

மென்பொருள் டீமில் தினமும் இந்தக் கூத்துதான். நான் இந்த வேலைக்கு வருமுன் பெங்களூரில் டெஸ்டராக, மென்பொருளில் பிழை தேடும் வேலையில், இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை டெவலப்பர் "முடிந்தது" என்றார். அவர் கணக்கில் புரோகிராம் எழுதி முடிந்தது. அதைக் கேட்ட விற்பனைக்காரர், திங்கள்கிழமை தந்துவிடுகிறோம் என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். டெஸ்டிங்கை நாங்கள் தொடங்கவே இல்லை. சனியும் ஞாயிறும் ஆபீசிலேயே போயிற்று. இத்தனைக்கும் எல்லோரும் நல்ல இங்கிலீஷ்தான் பேசினோம்! எங்களோடு இருந்த கோத்தகிரிப் பெண், வீட்டில் படுக மொழி பேசி வளர்ந்தவர், அதற்கப்புறம் ஒவ்வொரு மீட்டிங்கிலும் "முடிந்தது என்றால் எதுவரைக்கும்?" என்று கேட்டு போர்டில் எழுதிவைப்பார். முதலில் சிரித்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பெரிய இடங்களிலும் இது நடக்கும். 1999-ல் நாசாவின் விண்கலம் ஒன்று செவ்வாய்க்குப் போய்ச் சேரும் நேரத்தில் தொலைந்தது. ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டு கணக்கில் கொடுத்த எண்களை இன்னொரு குழு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஜப்பான் வாடிக்கையாளர் "ஹாய்" என்றால், அவர்கள் மொழியில் அது "ஆமாம்", உடனே சம்மதம் என்று துள்ளிக் குதிக்கக் கூடாது. பல நேரம் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான் அதற்குப் பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் "சரி சரி" மாதிரி.

இதற்காக மூன்று மொழி தெரிந்தால் வேலை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கோடிங் தெரியாவிட்டால் இண்டர்வியூவில் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடுவாள். இங்கிலீஷையும் தினம் அரைமணி நேரம் வாய்விட்டுப் பேசித்தான் பழக வேண்டும், அதில் குறுக்குவழி கிடையாது. மூன்று மொழிக்காரர்களுக்கு நடுவே வளர்ந்தும் தன் கூட்டத்தைத் தாண்டி யாரோடும் பேசாத பையன்களையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் கல்லூரியில் சேர்ந்ததும் ஹாஸ்டலில் "கூடலூர்ப் பிள்ளைங்க ரூம்தான் வேணும்" என்று வார்டனிடம் போய் நிற்காதீர்கள். பிராஜெக்டுக்கு எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் பிள்ளைகளோடு சேரட்டும். மத்திய அரசு மாணவர்களுக்கு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டியில் டீமுக்கு ஆறு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு பெண்ணாகப் பெயருக்கு உட்காராமல், யார் என்ன செய்வது என்று பிரித்து எழுதும் பொறுப்பை இவள் கேட்டு வாங்கட்டும். இண்டர்வியூவில் "பல மொழி தெரியும்" என்று ஒரு வரியில் முடிக்காமல், அந்தப் பெரியவர் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று நான் அவளிடம் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். அடுத்த முறை அவளைத் தனியாக உள்ளே அனுப்புங்கள். எதிரில் டீக்கடை இருக்கிறது, டீ நன்றாகவே இருக்கும்.