ஆமை வேலி: வாசகர் கேள்விகள்

கேள்வி: தோட்டத்தில் கம்பி வலை அடித்து நில ஆமையை விட்டிருக்கிறோம். நாள் முழுக்க வேலியை ஒட்டியே நடக்கிறது. இரண்டு முறை மூலையில் ஏறி வெளியே விழுந்துவிட்டது. வேலியை உயர்த்தினால் போதுமா?

பதில்: போதாது. வெளியே தெரிகிறவரை ஆமை அந்தப் பக்கம் போக முட்டிக்கொண்டேதான் இருக்கும். வலைக் கண்ணி வேறு நகத்துக்கு நல்ல பிடி. பலகை, செங்கல், ஹாலோ பிளாக் எதுவானாலும் சரி, ஊடே பார்க்க முடியாத சுவராக மாற்றுங்கள். உட்புறம் வழவழப்பாக இருக்கட்டும். உயரம் ஓட்டின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு. சின்ன ஆமை என்றாலும் ஒன்றரை அடிக்குக் குறைக்காதீர்கள்.

மூலையில் இரண்டு சுவரிலும் காலை ஊன்றி ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு மூலையின் மேலும் முக்கோணப் பலகை ஒன்றைக் கிடையாக வைத்துத் திருகாணி போடுங்கள். மற்ற இடங்களில் உள்பக்கம் நான்கு அங்குலம் நீட்டிய விளிம்பு போதும். கல், மரக்கட்டை, தங்கும் பெட்டி எல்லாம் சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே இருக்க வேண்டும். ஏறப்போய் மல்லாந்து விழுந்து, புரள முடியாமல் வெயிலில் கிடந்தால் உடல் சூடேறி இறந்துவிடும். ஓடிப்போவதைவிட இதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.

கேள்வி: சுவருக்கு அடியில் தோண்டிப் போகாமல் இருக்க எவ்வளவு ஆழம் புதைக்க வேண்டும்?

பதில்: அது இனத்தைப் பொறுத்தது. ரஷ்ய ஆமை அளவில் சிறியது, தோண்டுவதில் கெட்டிக்காரன். குறைந்தது ஓர் அடி வேண்டும். ஆழமாகப் பள்ளம் வெட்ட முடியாத இடத்தில் வேறு வழி உண்டு. ஒன்றரை அடி அகலத்தில், அரை அங்குலக் கண்ணியுள்ள துத்தநாகம் பூசிய வெல்ட் மெஷ்ஷை (பற்றவைத்த கம்பி வலை)ச் சுவரின் உட்பக்க அடியில் பொருத்தி, தரையோடு படுக்கவையுங்கள். அதன்மேல் தளக்கல் பதியுங்கள். ஆமை பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். அங்கே கல் தட்டினால் நகர்ந்துவிடும். மெஷ் வெளியே தெரிந்தால் நகம் மாட்டும் என்பதால் முழுக்க மூடிவிடுங்கள். கோழி வலை கூடவே கூடாது. துருப்பிடித்து அறுந்துபோகும், காலும் சிக்கும்.

ஆப்பிரிக்காவின் பெரிய நில ஆமையான சல்காட்டாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வளர்ந்தபின் 40 கிலோவைத் தாண்டக்கூடியது, பலகையை முட்டியே பெயர்த்துவிடும். பல அடி நீளத்துக்கு வளை தோண்டும். கான்கிரீட் நிரப்பிய ஹாலோ பிளாக் சுவர் இரண்டடிக்கு மேல் எழுப்பி, அடித்தளமும் போடுங்கள். தோண்டுவதை நிறுத்த முடியாது. வேலியிலிருந்து எட்ட, நடுவில் ஒரு மண்மேட்டை அதற்கென்றே விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: கதவு வைப்பது எப்படி?

பதில்: நீங்கள் காலை எடுத்து வைத்துத் தாண்டிப் போகும் உயரம் என்றால் வைக்கவே வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமானால் கீழே கல் வாசற்படி புதைத்து, கதவை உள்பக்கம் திறக்கும்படி மாட்டுங்கள். முட்டும்போது சட்டத்தோடு அழுந்தி நிற்கும். தாழ்ப்பாள் மேலும் கீழும் இரண்டு.

கேள்வி: குஞ்சுகளையும் அதிலேயே விடலாமா?

பதில்: காக்கையும் எலியும் விட்டுவைக்காது. தனிக் கூண்டு கட்டி, தரைக்கும் மேலுக்கும் அரை அங்குலக் கண்ணி மெஷ் அடித்து, அடி மெஷ்மேல் அரை அடி மண் போடுங்கள்.