புற்றுநோயைப் படிக்க எம்.பி.பி.எஸ். மட்டும்தான் வழியா?

விழுப்புரத்திலிருந்து எழுதியிருக்கும் பெற்றோருக்கு,

இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்காத மகளை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ப்பதற்காக நிலத்தை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது, ஆனாலும் விற்காதீர்கள். அத்தகைய இடங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். முடிக்க ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. புற்றுநோய் மருத்துவராக வேண்டுமென்றால் அதன்பின் எம்.டி., டி.எம். என்று இன்னும் ஆறு ஆண்டுகளும் இரண்டு நுழைவுத் தேர்வுகளும் இருக்கின்றன. “வீட்டுக்கு ஒரு டாக்டர் வேண்டும்” என்று வற்புறுத்தும் உறவினர்கள் யாரும் அந்தக் கடனுக்கு வட்டி கட்டப் போவதில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பாட்டிக்கு வந்த மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபோது, “அந்தச் செல் அங்கே எப்படிப் போயிற்று?” என்று உங்கள் மகள் பார்த்த மருத்துவரையெல்லாம் கேட்டிருக்கிறாள். சிகிச்சை அளிப்பவரைவிட, ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் நாள் முழுதும் கேட்கும் கேள்வி அது.

பால்நாளங்களின் உட்புறத்தில் படலமாக அமைந்திருக்கும் எபிதீலியல் செல்கள், ஈ-கேதரின் என்ற புரதத்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருப்பவை. புற்றுநோயில் ஸ்னெயில், ட்விஸ்ட் போன்ற மரபணுக்கள் செயல்படத் தொடங்கும்போது, சில செல்களில் ஈ-கேதரின் குறைந்து, நகரும் செல்களில் காணப்படும் விமென்டின் என்ற புரதம் கூடுகிறது; அவை நீண்டு மெலிந்து, தமக்குக் கீழே இருக்கும் அடித்தளச் சவ்வை நொதிகளால் அரித்துக்கொண்டு ரத்த நாளத்துக்குள் நுழைகின்றன. கரு வளரும்போது இயல்பாகவே நிகழும் இத்தகைய உருமாற்றத்தை செல் உயிரியலாளர் எலிசபெத் ஹே 1980-களில் விவரித்தார். ரத்தத்தில் கலந்த செல்களில் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. பிழைத்தவை ஏன் குறிப்பிட்ட உறுப்புகளையே நாடுகின்றன என்பதை 1889-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைக் கொண்டு ஆராய்ந்து, விதைக்கு ஏற்ற மண் வேண்டும், அதாவது புற்றுநோய் செல்லுக்கு ஏற்ற உறுப்பு வேண்டும் என்றார். அந்தக் கேள்வி இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

இதைப் படிக்க ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு (அறிவியலில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்தது) இருக்கிறது. மற்ற வழிகளை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். இதை நம் ஊர்களில் அநேகமாக யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு அருகில் இருப்பவை திருப்பதியும் திருவனந்தபுரமும். தொடக்கத்தில் நான்கு அறிவியல் பாடங்களையும் படித்துவிட்டு, இறுதி ஆண்டில் ஓர் ஆய்வுக்குழுவில் சேர்ந்து சொந்தமாக ஆய்வேடு எழுத வேண்டும். புற்றுநோய் செல்லை எடுத்துக்கொண்டால், ஆய்வுக்கூடத் தட்டில் நெருக்கமாக வளர்ந்த செல்களின் நடுவே, திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டின் நுனியால் ஒரு கோடு கீறி, அந்த இடைவெளியை அவை எவ்வளவு வேகமாக ஊர்ந்து மூடுகின்றன என்று மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் படம் எடுத்து அளப்பது இத்துறையில் அன்றாட வேலை. ஒரு தட்டில் பூஞ்சை வந்தால் ஒரு வார உழைப்பு குப்பைக்குப் போகும். அதையும் பொறுத்துக்கொள்வாளா என்று அவளிடமே கேளுங்கள். அவளுக்குப் பதிலாக நீங்கள் விடை சொல்ல வேண்டாம்.

விடுதிச் செலவையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்கு ஆகும் தொகை, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டு மருத்துவக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். பிறகு நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதியைப் பெற்றால், 2023 முதல் நடைமுறையில் உள்ளபடி முனைவர் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அந்தப் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதையும், நிலையான சம்பளம் முப்பது வயதையொட்டித்தான் வரும் என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இருக்காது.

ஐசர் சேர்க்கைக்கான ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள் வரும். பன்னிரண்டாம் வகுப்பை எந்த ஆண்டு முடித்திருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. எனவே மூன்றாம் முறை நீட் என்று இன்னோர் ஆண்டைக் கழிக்கும் முன் இந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளாக அவள் கணிதத்தைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உருமாறிக் கூட்டமாக நகரும் புற்றுநோய் செல்களைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மோகித் குமார் ஜாலியின் குழு கணித மாதிரிகளைக் கொண்டுதான் ஆராய்கிறது. ஆகவே தேர்வுக்குப் பின்னும் அந்தப் பாடம் அவளுக்குத் தேவைப்படும். பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை இந்த வாரமே அவள் கையில் கொடுங்கள்.