செயின் மட்டும் போதுமா, பல்சக்கரமும் சேர்த்தா?

மியான்மரின் முடோனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐயா, என்னிடம் இருப்பது ஹோண்டா வேவ் 125. ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு அடிக்கடி மோல்மீன் போய்வருவேன். கொஞ்ச நாளாக செயின் கறக் கறக் என்று சத்தம் போட்டது. போன வாரம் நடுரோட்டில் கழன்றே விட்டது. கடையில், செயின் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். தெரிந்த தரகர் ஒருவர், தாய்லாந்து ஒரிஜினல் செட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன், முன் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டிப் போட்டால் வேகமும் வரும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள், தம்பி. செயின், எஞ்சின் பக்கத்து முன் பல்சக்கரம், டயர் பக்கத்து பின் பல்சக்கரம் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பல்லின் எண்ணிக்கை பழையதில் எத்தனையோ அத்தனையே இருக்கட்டும். அதுவரை பாரம் ஏற்றி ஓட்ட வேண்டாம். ஓடும்போது கழன்ற செயின் முன் பல்சக்கரத்தில் சுருட்டிக்கொண்டால் பின் டயர் அப்படியே நின்றுவிடும், சில நேரம் எஞ்சின் கேஸும் உடையும்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, உண்மையில் இரும்புத் தகடு இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் பின் என்கிற சிறு ஆணியும், அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்கிற குழலும் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை தேய்ந்தால் நூற்றுச் சொச்சம் கண்ணியில் அது ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிடும். அந்த நீண்ட செயினுக்கு ஏற்றபடி பல்லும் சாய்ந்து, கொக்கி மாதிரி வளைந்துவிடும். அதன்மேல் புதுச் செயினைப் போட்டால் கண்ணி பல்லின் அடியில் உட்காராது. சில மாதத்தில் புதுச் செயினும் பழையதாகிவிடும், திரும்பவும் அதே கடைக்குப் போவீர்கள். "செயின் மட்டும் போதும்" என்று சொல்பவருக்கு அது நன்றாகவே தெரியும்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பின் பல்சக்கரத்தின் கடைசியில், அதாவது டயரின் பின்பக்கம் பார்த்த இடத்தில், செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. டேப் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் பைக் ரகத்துக்கு 420 அல்லது 428 செயின்தான் வரும். எண் தகட்டிலேயே குத்தியிருக்கும். இரண்டிலுமே ஒரு பின் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு அரை அங்குலம், 12.7 மி.மீ. செயினை இறுக்கிப் பிடித்து இருபது இடைவெளியை அளந்தால் புதியது 254 மி.மீ. வரும். 259 வந்துவிட்டால் இனி யோசிக்க ஒன்றுமில்லை. சக்கரத்தைச் சுற்றும்போது மட்டும் விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு செயின் துடைக்கப்போய் விரலை இழந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

செயின் மட்டும் மாற்றலாம் என்பதற்கு ஒரே ஒரு நிலைமை உண்டு. செட் புதிதாகப் போட்டு அதிகம் ஓடவில்லை, மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள் வண்டி நாள்கணக்கில் நின்றுவிட்டது, கண்ணிகள் துருப்பிடித்து மடங்க மறுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது பல் தேய்ந்திருக்காது, செயின்தான் கெட்டிருக்கும். பல்லின் இரண்டு பக்கச் சரிவும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செயின் மட்டும் வாங்குங்கள். ஒரு பக்கம் குழிந்திருந்தால் இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. நாள்தோறும் பாரம் இழுத்துச் சத்தம் போட்டு, கழன்றும் விட்ட உங்கள் வண்டிக்கு இது நிச்சயம் பொருந்தாது.

இப்போது அந்தத் தரகர் விஷயம். பாதி விலை ஒரிஜினல் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. தாய்லாந்து எல்லைக்குப் போகும் மியாவடிச் சாலை திறந்திருந்தால் ஒரு விலை, மூடினால் ஒரு விலை. அப்படியிருக்க இவருக்கு மட்டும் எங்கிருந்து மலிவாக வந்தது? டப்பா ஒரிஜினலாக இருக்கும், உள்ளே இருப்பது வேறு. இதைவிடக் கெட்ட வேலை, தேய்ந்துபோன பின் பல்சக்கரத்தைத் திருப்பிப் பெயிண்ட் அடித்துப் புதியது என்று விற்பது. தேயாத பக்கம் இப்போது முன்னால் வந்துவிடும், பார்வைக்கு நன்றாக இருக்கும். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி நகத்தால் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். நட்டு அழுத்திய வட்டத் தழும்பு தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். பல் எண்ணிக்கை குத்திய பக்கம் உள்ளே மறைந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். செயினையும் பக்கவாட்டில் நீட்டிப் பிடியுங்கள்: புதியது கிட்டத்தட்ட நேராக நிற்கும், தேய்ந்தது வில்லாகத் தொங்கும்.

கடைப் பையனை அனுப்பி "நானே வாங்கி வருகிறேன்" என்கிற மெக்கானிக்கும் கமிஷன்காரர்தான். நீங்களே போங்கள், பழைய மூன்றையும் கையில் எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணி வாங்குங்கள். ரசீது கேட்டால் முறைப்பார்கள். வண்டிக்கே பதிவில்லாமல் இத்தனை பேர் ஓட்டும் ஊரில், ஒரு பல்சக்கரம் போலி என்று எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது? யாரும் கேட்கமாட்டார்கள் என்பது விற்பவனுக்கும் தெரியும். அதனால்தான் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன்.

முன்னால் ஒரு பல் கூட்டுவது உங்களுக்கு வேண்டாம். 14-க்கு 15 போட்டால் இழுவை ஏழு சதவீதம்போலக் குறையும். ரப்பர் ஷீட்டோடு மேடு ஏறும்போது கியர் குறைத்துக் குறைத்துக் கிளச்சுதான் வேகும். 420-க்குப் பதில் 428 கிடைக்கிறது, பரவாயில்லையா என்றும் கேட்பார்கள். கண்ணி நீளம் ஒன்றுதான், ஆனால் அகலம் வேறு. பல் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும். வாங்காதீர்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய செயின் இருக்கும்போதே பின் பிரேக்கை மிதித்து முன் பல்சக்கர போல்ட்டைத் தளர்த்த வேண்டும், அப்புறம் தளர்த்தப்போனால் சுத்தியலை எடுப்பார்கள். டயர் கழன்றிருக்கும்போது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் உள்ளே இருக்கும் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். செயினின் இரு முனையையும் பூட்டும் லாக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் வரிசையில் என்றால் எஞ்சின் பக்கம். தலைகீழாகப் போட்டால் ஏதாவது கல் பட்டுக் கழன்றுவிடும். செயின் மேலும் கீழும் ஆடும் தளர்ச்சி எவ்வளவு என்று, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் ஸ்டிக்கர் இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் 25 முதல் 35 மி.மீ. சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். கம்பிபோல இறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். பாரம் ஏறினால் அது இன்னும் இறுகி கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

முதல் 500 கிலோமீட்டரில் புதுச் செயின் கொஞ்சம் தளரும். அப்போது இலவசமாக இறுக்கித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மழையில் ஓட்டினாலோ, திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் நாலு பக்கமும் தண்ணீர் அடி வாங்கினாலோ, அன்றைக்கே துடைத்து 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள். எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயில் வேண்டாம், அதில் இருக்கும் துகளே பல்லைத் தேய்க்கும்.