டார்ஜிலிங் எஞ்சின் பலகை: 38,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: நான் கோவையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ரயில் என்றால் உயிர். அவனுடைய புது வீட்டில் மாட்டுவதற்கு ஒரு பித்தளைப் பலகை வாங்கித் தர ஆசைப்படுகிறேன். டார்ஜிலிங் பொம்மை ரயிலின் முதல் நீராவி எஞ்சினில் இருந்தது என்று ஒரு தரகர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். அதில் 'ஷார்ப் ஸ்டூவர்ட் அண்ட் கம்பெனி, கிளாஸ்கோ, 1881' என்று ஆங்கில எழுத்துகள். அதற்குக் கீழே 'டி.எச்.ஆர். 777'. விலை 38,000 ரூபாய், முன்பணம் 5,000. கூடவே 'அசல் சான்றிதழ்' ஒன்றும் தருவாராம். நம்பி வாங்கலாமா? சிங்கப்பூருக்குக் கொண்டுபோவதில் சிக்கல் வருமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணமும் வேண்டாம். பலகையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை. அதில் இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரியே அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

முதலில் ஊர். ஷார்ப் ஸ்டூவர்ட் உண்மையான கம்பெனிதான். டார்ஜிலிங் பாதைக்கு ஆரம்பத்தில் எஞ்சின் செய்து கொடுத்ததும் அவர்கள்தான். ஆனால் 1881-ல் அவர்களுடைய தொழிற்சாலை இருந்தது மான்செஸ்டரில். 1888-ல்தான் கிளாஸ்கோவுக்கு இடம் மாறினார்கள். 1881-ல் கிளாஸ்கோ என்று அவர்கள் பலகை அடித்திருக்க வழியே இல்லை.

அடுத்தது எண். டி.எச்.ஆர். என்றால் டார்ஜிலிங் ஹிமாலயன் ரயில்வே. அது ஒரு தனியார் கம்பெனியாகத்தான் தொடங்கியது. இரண்டடி அகலப் பாதை 1881 ஜூலையில் டார்ஜிலிங்கை எட்டியது. அப்போது அவர்களிடம் இருந்த எஞ்சின்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எழுநூற்றுச் சொச்சம் என்று எண் போடத் தேவையே இருக்கவில்லை. 1948-ல் அரசு அந்தப் பாதையை எடுத்துக்கொண்ட பிறகு, இந்திய ரயில்வேயின் பொது எண்வரிசையில் வந்ததுதான் 777, 778 எல்லாம். கம்பெனிக் காலத்தில் 19 என்று ஓடிய எஞ்சின்தான் பின்னால் 778 ஆனது. ஆக 1881-ம் 777-ம் ஒரே பலகையில் இருப்பது, தாத்தாவின் கல்யாணப் பத்திரிகையில் செல்போன் எண் அச்சடித்த கதைதான்.

மூன்றாவது, 777 முதல் எஞ்சினே அல்ல. அது 'பி' வகுப்பு. அந்த வகுப்பு வந்தது 1889-ல். இன்று டார்ஜிலிங் படங்களில் நீங்கள் பார்க்கும் நீல எஞ்சின் அதுதான்: நான்கே சக்கரம், நான்கும் இழுக்கும் சக்கரம், கொதிகலனின் முதுகில் சேணம் போலத் தண்ணீர்த் தொட்டி. மேலே ஒருவர் உட்கார்ந்து நிலக்கரியை உடைத்துக்கொண்டே வருவார். முன்பக்கம் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு, ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் கையால் மணல் தூவுவார்கள். 1889-லிருந்து 1920-கள் வரை இந்த வகுப்பில் மொத்தம் 34 எஞ்சின்கள் செய்தார்கள். 1881-ல் ஓடியவை இவற்றைவிடச் சின்னவை, வேறு வகுப்பு.

இதெல்லாம் போகட்டும். 777 எங்கே இருக்கிறது தெரியுமா? டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் போய்ப் பார்க்கலாம். அந்த எண்ணைத்தான் உங்கள் தரகர் தேர்ந்தெடுத்திருக்கிறார். கூகுளில் முதலில் வந்த படத்தைப் பார்த்து வார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். உங்கள் பலகைக்கு அது பொருந்தாது. ஆனால் நான் மேலே எழுதியதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வேறு யாராவது நல்ல பலகை ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடக் கூடாது. கிளாஸ்கோ என்று இல்லாத 'பி' வகுப்புப் பலகை எல்லாம் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1903-ல் ஷார்ப் ஸ்டூவர்ட் வேறு இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் ஆனது. அதற்குப் பின்னால் வந்த எஞ்சின்களில் அந்தப் பெயர் இருக்கும். 1903-க்கு முந்தைய ஆண்டோடு அந்தப் பெயர் இருந்தால் அதுவும் போலி. ஆனால் பெயர் மாறியதே போலிக்கு அடையாளம் ஆகாது. அப்புறம் முதல் உலகப்போர் நடந்தபோது 1917-ல் மூன்று எஞ்சின்கள் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து வந்தன. அது பிலடெல்பியா. 'டார்ஜிலிங்குக்கு அமெரிக்க எஞ்சினா, ஏமாற்றுகிறான்' என்று சொல்ல முடியாது, உண்மையிலேயே வந்தது. இன்னும் மூன்றை வெளியே யாரிடமும் வாங்காமல், மலையடிவாரத்துக்கும் குர்சியாங்குக்கும் நடுவில் இருக்கும் திண்டாரியா பணிமனையில் ரயில்வேக்காரர்களே செய்தார்கள். ஆக கிளாஸ்கோ, பிலடெல்பியா, திண்டாரியா மூன்று ஊருக்கும் இந்த வகுப்பில் இடம் உண்டு. ஊரும் ஆண்டும் கம்பெனிப் பெயரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உங்கள் பலகையில் மூன்றும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

வாசகங்கள் சரியாக இருந்து, பொருள் மட்டும் போலியாக இருக்கும் பலகைகளும் சந்தையில் உண்டு. கெட்டிக்காரத் தரகர் கற்பனையாக எதையும் வார்க்க மாட்டார். அசல் பலகை ஒன்றை மணலில் பதித்து அச்செடுத்து வார்ப்பார். அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பித்தளை ஆறும்போது சுருங்கும், ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரை பங்கு. அசல் 300 மில்லிமீட்டர் நீளம் என்றால் நகல் 4, 5 மில்லிமீட்டர் குறைந்து வரும். அதே வகை அசலின் அளவு தெரிந்தால் ஒரு இரும்பு ஸ்கேல் போதும். துளைகளையும் பாருங்கள். பல வருடம் எஞ்சினில் அதிர்ந்துகொண்டே கிடந்த பலகையில் போல்ட் துளையின் விளிம்பு தேய்ந்து, ஒரு பக்கமாக இழுத்திருக்கும். புது நகலில் துளை வட்டமாக, சுத்தமாக இருக்கும், அல்லது உள்ளே மட்டும் பளபளக்கும். எழுத்துகளின் இடுக்கில் பச்சையும் கருப்புமாக அழுக்கு இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ரசாயனம் பூசி நாலு நாளில் அதை வரவழைத்துவிடலாம். அழுக்கு இடுக்கிலும் மேட்டிலும் ஒரே சீராகப் படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கைபட்ட மேடு தேய்ந்து மின்ன வேண்டும், பள்ளம் மங்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: யார் வீட்டிலாவது நிஜப் பலகை இருந்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பாதி வரலாறு அந்தப் புளியோடு போய்விடும்.

'அசல் சான்றிதழ்' விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. அந்தக் காகிதத்தைத் தருவது யார்? விற்கிறவரே. ஒரு முத்திரை, ஒரு ஹாலோகிராம், கீழே 'பாரம்பரிய மதிப்பீட்டாளர்' என்று ஒரு கையெழுத்து. அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. ரயில்வேயில் கழித்துப்போட்ட பொருள் வெளியே வருவதற்கு ஒரே முறையான வழி ஏலம். இப்போது அது இணைய ஏலமாக நடக்கிறது. ஏலம் எடுத்தவரிடம் பணம் கட்டிய ரசீதும், பொருளை வெளியே எடுக்கக் கொடுத்த உத்தரவும் இருக்கும். தரகரிடம் நீங்கள் கேட்க வேண்டிய காகிதம் அது ஒன்றுதான். அதைக் கேட்டதும் ஒரு கதை வரும்: 'என் மாமா ஷெட்டில் ஃபிட்டராக இருந்தார், ரிடையர் ஆகும்போது அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்'. எத்தனை மாமாக்கள் சார்! மொத்தம் 34 எஞ்சின், அதற்கு இந்த ஊரில் இத்தனை மாமாவா?

மாமா கதை உண்மையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம் என்று 1966-லிருந்து ஒன்று இருக்கிறது. திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்று நியாயமாகச் சந்தேகப்படக்கூடிய ரயில்வே சொத்து உங்களிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு. விசாரிக்க வருவது ரயில்வே பாதுகாப்புப் படை. தரகர் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார். போலி என்றால் 38,000 ரூபாய் போகும், அசல் என்றால் வழக்கு வரும். காகிதம் இல்லாமல் வாங்குகிறவருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்தான்.

சிங்கப்பூர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட பொருள், 1972-ன் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1881 என்று பொறித்த பித்தளைப் பலகையை மகன் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றால், சுங்க அதிகாரி அதை எடுத்துப் பார்க்காமல் விடுவாரா? 'இது போலி சார், போன வருடம் வார்த்தது' என்று சொன்னால் வாயால் சொல்வதை ஏற்க மாட்டார். தொல்பொருள் துறையிடமிருந்து 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வேண்டும். அசல் என்று தரகரிடம் ஒரு காகிதம், அசல் இல்லை என்று அரசாங்கத்திடம் ஒரு காகிதம், இரண்டையும் வைத்துக்கொண்டு நீங்கள் அலைய வேண்டும்.

இவ்வளவு தூரம் வரவே தேவையில்லை. ஒரு எஞ்சின் எண்ணைத் தட்டினால் அதைச் செய்தது யார், எந்த வருடம், இப்போது எங்கே நிற்கிறது, பலகை அதிலேயே இருக்கிறதா என்று காட்டுகிற ஒரு பக்கத்தை ரயில்வே வைத்திருந்தால் இந்த வியாபாரத்தில் பாதி படுத்துவிடும். முப்பத்து நான்கே எஞ்சின்; முப்பத்து நான்காயிரம் இல்லை. 1999-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்று அறிவித்தபோது விழா எடுக்கத் தெரிந்தது. ஒரு அட்டவணை போட மட்டும் ஆள் இல்லை. ஒரு அலுவலகத்துக்கு இதைப் பற்றி எழுதிக் கேட்டேன். 'தங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. உரிய பிரிவு எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் இங்கிலாந்தில் இருக்கும் டார்ஜிலிங் ஹிமாலயன் ரயில்வே சொசைட்டி ஆர்வலர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நம் எஞ்சினைப் பற்றி நமக்கு அவர்கள் சொல்கிறார்கள்!

சரி, மகனுக்கு என்ன வாங்குவது? நகலையே வாங்குங்கள், நகல் என்று சொல்லி விற்கிறவரிடம். வார்ப்புக்கூலியும் பித்தளை விலையும் போட்டு நியாயமான விலைக்குச் செய்து தருகிற வார்ப்பு வேலைக்காரர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிற கைக்கு இது ஒரு வேலையே இல்லை. பின்பக்கத்தில் செய்த வருடத்தை வார்ப்பிலேயே பொறிக்கச் சொல்லுங்கள். பில்லில் 'புதிய பித்தளை அலங்காரப் பலகை' என்று எழுதி வாங்குங்கள். சுங்கத்தில் காட்ட அது உதவும். பின்னால் வேறு தரகர் கையில் சிக்கி அசலாக மாறாமலும் இருக்கும். வாசகம் 'ஷார்ப் ஸ்டூவர்ட், கிளாஸ்கோ, 1889' என்றே இருக்கட்டும். விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

தரகரிடம் சண்டை போட வேண்டாம். 'ஏல ரசீதின் நகலை அனுப்புங்கள்' என்று ஒரே வரி அனுப்பிவிட்டு விடுங்கள். ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் 5,000 ரூபாயை ஆன்லைனில் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். உங்கள் வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் படத்தையும் அழித்துவிடாதீர்கள். புகாருக்கு அதுதான் ஆதாரம்.