ஸ்கேன் கருவியைக் கையில் பிடிப்பது யார்? பாலக்கோட்டிலிருந்து எழுதிய தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முதல் குரூப் படிக்கும் உங்கள் மகள், பாட்டிக்குக் கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுத்தபோது திரையில் சிவப்பும் நீலமுமாக ஓடிய இரத்தத்தைப் பார்த்துவிட்டு இதையே படிப்பேன் என்று நிற்பதாகவும், ஆறு மாதத்தில் ஸ்கேன் டெக்னீசியன் ஆக்கித் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே பணம் கட்டுவதைச் சற்றே தள்ளிவையுங்கள்.

முதலில் அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கலுக்கு மேலே பிலிகுண்டுலுவில் காவிரியை அளந்து வினாடிக்கு இத்தனை கன அடி என்கிறார்களே, கழுத்திலும் அதே கணக்குதான். குறுக்குப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் ஓட்டத்தின் அளவு கிடைக்கும். மூளைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 மில்லி இரத்தம் செல்கிறது. படுத்திருக்கும்போது அதில் பெரும்பகுதி, கழுத்தின் இரு பக்கமும் உள்ள உட்கழுத்துச் சிரைகள் வழியே இதயத்திற்குத் திரும்புகிறது. எழுந்து உட்கார்ந்தாலோ அச்சிரைகள் தட்டையாகிவிட, முதுகெலும்பை ஒட்டிய சிரைகள் அந்தப் பொறுப்பை ஏற்கின்றன. ஆற்றுக்குக் கரை உண்டு, சிரைக்கு அவ்வளவு உறுதியான கரை இல்லை. கருவியைக் கொஞ்சம் அழுத்தினாலே குழாய் நசுங்கும். மூச்சை இழுக்கும்போது ஓர் அளவும் விடும்போது வேறோர் அளவும் வரும். விட்டத்தை 10 விழுக்காடு கூட்டி அளந்தால் பரப்பு 21 விழுக்காடு கூடிவிடும். கருவி அனுப்பும் ஒலிக்கற்றைக்கும் இரத்த ஓட்டத்திற்கும் இடையிலான கோணத்தை 60 பாகை என்று கருவியில் வைத்து, உண்மையில் அது 65 ஆக இருந்தால், வேகம் சுமார் 15 விழுக்காடு குறைத்துக் காட்டப்படும். (சிவப்பு தமனி, நீலம் சிரை என்று உங்கள் மகள் நினைத்திருந்தால் திருத்திவிடுங்கள், ஓட்டம் கருவியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதையே அந்நிறங்கள் காட்டுகின்றன.) இத்தனை சிரமப்பட்டு அளப்பதற்குப் பயன் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு இடது உட்கழுத்துச் சிரையில் ஓட்டம் தேங்கியோ பின்னோக்கியோ இருந்ததையும், ஒருவருக்கு இரத்தம் உறைந்து அடைத்திருந்ததையும் அல்ட்ராசவுண்டில் கண்டதாக 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது.

இனி நீங்கள் கேட்ட வேலைவாய்ப்பு. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால், நம் நாட்டில் அல்ட்ராசவுண்ட் கருவிகள் பதிவு பெற்ற இடத்தில்தான் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்து அறிக்கை தருபவர் தகுதி பெற்ற மருத்துவராகவும் இருக்க வேண்டும். பார்ப்பது கழுத்தைத்தானே என்று விலக்குக் கேட்க முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட தர்மபுரியில் இருந்துகொண்டு இச்சட்டத்தின் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அந்தக் கருவியைத் தானே பிடிக்க வேண்டுமானால் நீட் எழுதி, ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து, மேலும் மூன்றாண்டு கதிரியக்க மேற்படிப்பும் படிப்பதே வழக்கமான வழி. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 2020 முதல் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அவருக்குக் கிடைக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பி.எஸ்சி. ரேடியாலஜி படித்தால் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. பிரிவுகளில் நல்ல வேலை உண்டு. கழுத்துச் சிரைகளின் ஓட்டத்தை எம்.ஆர்.ஐ.யிலும் அளக்கலாம் என்பதால் அவருடைய ஆசைக்கு அது அவ்வளவு தூரமும் இல்லை. வெளிநாடுகள் சிலவற்றில் சோனோகிராஃபர், அதாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பவர், என்பது தனித் தொழில்தான். ஆனால் அந்தந்த நாட்டின் தகுதியைப் பெற்றாக வேண்டும், இங்கே வாங்கும் ஆறு மாதச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

எனக்கு மனத்தில் நிற்பது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. பாட்டி மூச்சை இழுத்தபோது நிறம் ஏன் மாறியது என்று மகள் வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டே இருந்தார் என்றீர்கள். அது கருவியை உருவாக்குகிறவரின் கேள்வி. கணிதமும் கையில் இருப்பதால் பயோமெடிக்கல் பொறியியல் அவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வு மையத்தில், கழுத்துத் தமனியின் விறைப்பை அல்ட்ராசவுண்ட் கொண்டு அளக்கும் ஆர்ட்சென்ஸ் என்ற கருவியை உருவாக்கியது பொறியாளர்கள்தாம். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரில் மருத்துவக் கருவி நிறுவனங்களும் உண்டு. நீட் எழுதட்டும், பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பிக்கட்டும். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

பயிற்சி மையத்தாரிடம், தங்களிடம் படித்தவர் எந்தச் சட்டப்படி தனியாக ஸ்கேன் எடுக்கலாம் என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். அவர்கள் என்ன பதில் தருகிறார்கள் என்பதை எனக்கும் தெரிவியுங்கள்.