கருத்தாய்வு வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்

கேள்வி: எங்கள் தமிழ் அமைப்பின் நிகழ்ச்சிப் பதிவுக்கு இணையவாசல் தொடங்கினோம். ஆனாலும் மூத்தோர் பலர் தொலைபேசியில்தான் பதிகிறார்கள். அவர்களுக்கு என்ன தேவை என்று கருத்தாய்வு நடத்தலாமா? - தொண்டூழியர், ஈசூன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். "எளிமையாக இருக்கவேண்டும்" என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். அதை வைத்து ஒரு பொத்தானைக்கூட மாற்ற முடியாது. அழைத்தவர்கள் எந்த இடத்தில் திணறினார்கள் என்று, தொலைபேசியை எடுப்பவரிடம் முதலில் கேளுங்கள்.

பிறகு ஐந்தாறு பேரைச் சமூக மன்றத்துக்கு அழையுங்கள். அவர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசியையே கொண்டுவரட்டும், எழுத்தளவையும் மாற்றாதீர்கள். "தீபாவளி விருந்துக்கு உங்களையும் பேரனையும் பதியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். அதுதான் சிரமம், "அங்க அழுத்துங்கம்மா" என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

நானாக இருந்தால் பெயர்க் கட்டத்தில் தொடங்குவேன். அடையாள அட்டையில் 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்), 'டி/ஓ' (இன்னாரின் மகள்) உள்ளவர்கள் நம்மில் எத்தனை பேர்! சாய்கோட்டை ஏற்காத படிவமும், குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவமும் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். அதுவும் 'பிழை' என்று சிவப்பில் காட்டுமே தவிர, என்ன பிழை என்று சொல்லாது. முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதும். இன்னொன்று: பல வீடுகளில் பதிவு செய்வது மகளோ மருமகனோதான், அதுவும் அலுவலகத்திலிருந்து. ஒருமுறைக் கடவுச்சொல்லோ வீட்டிலிருக்கும் அம்மாவின் கைப்பேசிக்குப் போகிறது. பிறருக்காகப் பதிய வழி வையுங்கள்.

அணுகல்தன்மைக்கு, அதாவது உடற்குறை உள்ளவர்களும் இணையத்தளத்தைப் பயன்படுத்த, டபிள்யூசிஏஜி 2.2 என்ற அனைத்துலக வழிகாட்டி (2023) இருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1, தொடும் இடம் பொதுவாக 24 பிக்சலுக்குக் குறையக்கூடாது. விரல் நடுங்குபவருக்கு 24 போதாது, 44 வையுங்கள். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள்: ஆங்கிலத்தில் அடங்கிய பொத்தானில் 'உறுதிப்படுத்துக' பாதியில் வெட்டுப்படும். நிகழ்ச்சி விவரத்தைச் சுவரொட்டிப் படமாக மட்டும் போட்டால் பார்வைக் குறையுள்ளோருக்குத் திரையை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலிலும் குறிக்கவேண்டும். இல்லையென்றால் ஆங்கிலக் குரல் தமிழைக் கடித்துக் குதறும்.

சிங்கப்பூர் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் 'ஊபீ' போன்ற இலவசச் சோதனைக் கருவிகள் நிற வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும்; 'எஸ்/ஓ' சிக்கலைக் கண்டுபிடிக்காது.

தொலைபேசிப் பதிவை நிறுத்திவிடாதீர்கள். அழைப்பை எடுப்பவர் அதே படிவத்தில் பதியட்டும். அவரும் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துவைத்து, அடுத்த நிகழ்ச்சிக்கு முன் திருத்துங்கள். பிறகு வேறு ஐந்து பேரைக் கூப்பிடுங்கள்.